கடைசி நாலு

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால்
வளைவெல்லாம் முடிகிற இடத்தில் கேரளம்.
தொடங்கும் இடத்திலேயே பென்னிச்சேட்டன் கடை.
நம்ம பக்கம் விற்கக் கூடாத தாள்
பத்தடி தாண்டினால்
கயிற்றில் துணி மாதிரித் தொங்குகிறது.

டிரைவர் டீ குடிக்கிற நேரம் போதும் எனக்கு.
முதலில் ஒன்று. பிறகு மூன்று.
அப்புறம் கடைசி நாலு ஒரே எண்ணாக ஒரு செட்டு.
யுவராணி பிறந்த தேதி. ஜீப் நம்பர்.
செத்துப்போன தம்பியின் ரேஷன் கார்டில் இருந்த எண்.
ஒருதரம் ஐயாயிரம் விழுந்தது.
விழாமலே இருந்திருக்கலாம்.

மூன்று மணிக்குக் குலுக்கல்.
காட்டில் மொட்டப்பாறையில் மட்டும்தான் டவர் கிடைக்கும்.
ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறுவேன்.
ஒரு எண் தள்ளிப் போயிருக்கும்.
ஒரு எண்தானே என்று
இறங்குகிற வழியெல்லாம் நெஞ்சு துள்ளும்.
தோற்ற மாதிரியே இருக்காது.
அதுதான் சூது.

அட்டை கடிப்பதும் தெரியாதுதான்,
கால் நனைந்த பிறகுதான் ரத்தம் என்று தெரியும்.
ஆனால் அதற்கு
இடுப்பில் உப்புப் பொட்டலம் வைத்திருக்கிறோம்.

தோட்டை அடகு வைத்த மறுநாள்
என் காதில் ஈர்க்குச்சியைப் பார்த்துவிட்டாள் பூங்கோதையக்கா.
'காட்டுல விழுந்துருச்சுக்கா.'
வாயில் வந்தது அதுதான்.

பதினான்கு பெண்கள்
தூக்குச்சட்டியைத் திறக்காமல்
ஏலச்செடிக்கு அடியில் மண்டி போட்டார்கள்.
சருகு சருகாகப் புரட்டினார்கள்.
ஒச்சம்மா, நீ அந்த வரிசையப் பாருடி என்றார்கள்.
பார்த்தேன்.
கம்பத்தில் சேட்டுக்கடை இரும்புப்பெட்டிக்குள் கிடக்கிற தோட்டை
ஈரமண்ணில் அவர்களோடு தேடினேன்.
ஒரு கட்டத்தில்
கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

அந்த நம்பரை முன்னமே பார்த்திருக்கிறேன்,
பெரியாஸ்பத்திரிச் சுவரில்: 14416.
மனசுக்கு முடியவில்லை என்றால் கூப்பிடச் சொல்லி
மேலே என்னவோ எழுதியிருந்தது.
நான் எழுத்தைப் படிக்கவில்லை.
மறுநாள் பென்னிச்சேட்டனிடம்
கடைசி நாலு 4416 இருக்கா என்று கேட்டு
இரண்டு வாங்கினேன்.

விழவில்லை.

தோடு தேடிய அன்று மூன்று மணிக்கு
அதே பாறையில் ஏறினேன்.
ரிசல்ட் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
பார்த்துவிட்டுத்தான் அந்த நம்பரை அழுத்தினேன்.
ஐந்து எண் ஆனதும்
ஆறாவதுக்கு விரல் போனது, பழக்கம்.

ஒரு பெண் எடுத்தாள்.
எவ்வளவு போச்சு என்று அவள் கேட்கவில்லை.
ஒரு நாளில் எந்த நேரத்தைக் கடப்பது கஷ்டம் என்று கேட்டாள்.
'காலைல. டீ குடிக்கிற நேரம்.'
சொன்ன பிறகுதான்
அது வெறும் பத்து நிமிஷம் என்று எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை ஓபி சீட்டு, பதினேழு.
பதினேழு என்று கூப்பிட்டார்கள்.
எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது.
டாக்டர் வியாதி என்றார்.
ஆசை என்று நினைத்திருந்தேன்.
இரண்டும்தான் போலிருக்கிறது.
சம்பளத்தை வீட்டுக்காரர் கையில் நேராகத் தரச் சொல்லி
கங்காணியிடம் பேசச் சொன்னார்.
பேசினேன், நாக்கு ஒட்டிக்கொண்டது.
நடுவில் இரண்டுதரம் வாங்கினேன்.
அடுத்த வியாழன் அதையும் சொன்னேன்.

இப்போது ஜீப்பில் எனக்கு உள்பக்க இடம்.
ஒரு பக்கம் பூங்கோதையக்கா, மறுபக்கம் சோற்றுப்பைகள்.
மேட்டில் வண்டி நின்றது.
வெளியே ஆட்டோவில் ஒலிபெருக்கி
நாளெயாணு நாளெயாணு என்று கத்திக்கொண்டு போனது.
அப்போதுதான் தோட்டைப் பற்றிச் சொன்னேன்.

அக்கா வெகுநேரம் ரோட்டையே பார்த்தாள்.
டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.
'முட்டி இன்னும் வலிக்குதுடி' என்றாள்.